மீன்பிடி அலமாரியில் இருந்த புத்தகம்

அதிபர் தேர்தல் வருகிற வருஷம், மக்காச்சோளம் காய்ந்து நிற்கும் மாதத்தில், எங்கள் ஹாஸ்லர் க்ரீக் நூலகத்தில் புத்தகங்களுக்குக் கால் முளைத்துவிடும். காலையில் வாழ்க்கை வரலாறு அலமாரியில் நிமிர்ந்து நின்ற வேட்பாளர் ஒருவர், சாயங்காலம் ஜாம் காய்ச்சும் புத்தகங்களுக்குப் பின்னால் குப்புறக் கிடப்பார். எதிர் வேட்பாளர் பெரிய எழுத்து நாவல்களுக்கு நடுவே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். ஒருமுறை இரண்டு பேருமே குழந்தைகள் பகுதியில், டைனோசர் புத்தகங்களுக்கு அடியில், ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

யார் செய்கிறார்கள் என்று யாரும் பார்த்ததில்லை. நல்ல மனிதர்கள்தான் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நம் பக்கத்தில் உட்காருகிறவர்கள், நமக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் கைக்கு இப்படி ஓர் அரிப்பு வந்துவிடும்.

நூலகர் கிரெட்சன் தினமும் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு சுற்று வருவாள். வழி தவறிப்போன மாடுகளைப் பட்டிக்கு ஓட்டி வருவதுபோல் புத்தகங்களைத் தேடி எடுத்து அதனதன் இடத்தில் நிறுத்துவாள். இந்த வேட்பாளரைப் பற்றி எத்தனை புத்தகமோ அத்தனைதான் அந்த வேட்பாளரைப் பற்றியும் வாங்குவாள். அந்த மாதங்களில் வாசல் அலங்காரத்தில் ஒரு கட்சியின் சிவப்புக் காகிதமும் இருக்காது, மற்றதன் நீலக் காகிதமும் இருக்காது. ஆரஞ்சும் பழுப்பும்தான். பூசணிக்காயை யாரும் எந்தக் கட்சி என்று கேட்க முடியாதல்லவா. "நீ எந்தப் பக்கம், கிரெட்சன்?" என்று யாராவது வாயைக் கிளறினால், "புத்தகம் நாள் தவறாம திரும்பி வர்ற பக்கம்" என்பாள். அவளைப் பெற்ற அம்மாவுக்கே அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று தெரியாது.

அதனால் நானும் அந்த இரண்டு வேட்பாளர்களின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. நூலகத்துக்குள் நடந்த கதையை நூலகத்தின் முறைப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெரிய மேசை உண்டு. அதன்மேல் எப்போதும் ஆயிரம் துண்டுகளாகப் பிரிந்த ஒரு படம் கிடக்கும். வருகிறவர், போகிறவர் யார் வேண்டுமானாலும் ஒரு துண்டு, இரண்டு துண்டு பொருத்திவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மேசைக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆர்டித், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வெண்டல், டிராக்டர் பழுது பார்த்தே கை விரல்கள் கறுத்துப்போன மனிதர். ஆர்டித்தின் கணவர் ராய்க்கு வெண்டல் உடன்பிறந்த தம்பி. ராய் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பேருக்கும் குடும்பம் என்று மிஞ்சியது அவரவர்க்கு மற்றவர்தான். பத்து மணி காபிக்கு வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே படத்தைச் சேர்ப்பார்கள்.

"அது வானம் இல்ல வெண்டல், ஆத்துத் தண்ணி. நாப்பது வருஷமா மீன் பிடிக்கிறே, தண்ணிக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியல."

"தெரிஞ்சதாலதான் சொல்றேன். தண்ணியில மேகம் இவ்வளவு சுத்தமா தெரியாது. நீ பஸ் கண்ணாடி வழியா பாத்த ஆளு, உனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

இரண்டு பேரும் இரண்டு கட்சி. அது ஊருக்கே தெரியும். அதுதான் ஊருக்குப் பிரயோஜனமாகவும் இருந்தது. எங்கள் ஊர் வாக்குச் சாவடி நூலகத்தில்தான். தேர்தல் மேசையில் இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஒரு பக்கம் ஆள் இல்லை என்றால் சாவடி திறக்காது. சாயங்காலம் ஓட்டுச் சீட்டுகளைப் பையில் போட்டு முத்திரை வைத்ததும், இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே காரில் ஏறி, பையை நடுவில் வைத்துக்கொண்டு, கிராண்டல் நகரத்தில் இருக்கும் கவுண்டி அலுவலகத்துக்கு, அதாவது எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒருவர் தனியாக அந்தப் பையைத் தொடக்கூடாது. முப்பது வருஷமாக அந்தக் காரில் போனது ஆர்டித்தும் வெண்டலும்தான். ஓட்டுவது எப்போதும் ஆர்டித். வெண்டல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பதாகப் பாவனை செய்துகொண்டு போவார்.

அந்த வருஷமும் அப்படித்தான் நடந்திருக்கும், ஒரு புத்தகம் இல்லாவிட்டால்.

ஆர்டித் ஆதரித்த வேட்பாளர் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். எங்கள் நூலகத்தில் அதற்கு ஒரே பிரதி. செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் கிரெட்சன் கவனித்தாள்: காலையில் கதவு திறந்ததும் வெண்டல் உள்ளே வருகிறார், வாழ்க்கை வரலாறு அலமாரிப் பக்கம் சும்மா நடப்பதுபோல் நடக்கிறார், பிறகு மீன்பிடிப் புத்தகங்கள் இருக்கும் மூலைக்குப் போய் அங்கே கிடக்கும் பழைய நாற்காலியில் உட்காருகிறார். மடியில் ஒரு மீன்பிடிப் பத்திரிகை விரிந்திருக்கும். பத்திரிகைக்குள்ளே அந்தப் புத்தகம். பத்து மணிக்கு ஆர்டித் வரும் நேரம் ஆனதும், புத்தகத்தைத் தூண்டில் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகிவிட்டு எழுந்துவிடுவார். சாயங்காலம் கிரெட்சன் அதை எடுத்து உரிய இடத்தில் வைப்பாள். மறுநாள் காலையில் அது மறுபடியும் மூலைக்குப் போகும்.

பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு மேசைமுன் நிற்பதை டெல்மர் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? டெல்மர் வெண்டலின் கூட்டாளி, பக்கத்துப் பண்ணைக்காரர், வெண்டலின் கட்சியேதான். தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் டெல்மர் வாய் திறந்தால் ஊரே சிரித்துவிட்டுத்தான் மூடும்.

இதையெல்லாம் நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், வெண்டலே பல வருஷம் கழித்து அதே காபிக் கடையில் தன் வாயால் சொல்லிச் சிரித்தார். அவர் சொல்லியிருக்காவிட்டால் கிரெட்சன் வழியாக ஒரு எழுத்து வெளியே வந்திருக்காது. யார் என்ன படிக்கிறார்கள் என்பதை நூலகம் யாரிடமும் சொல்வதில்லை. போலீஸ்காரர் வந்து நின்றாலும் நீதிமன்றத்து உத்தரவு வேண்டும் என்று கேட்பாள். கட்டிய கணவன் கேட்டாலும் சொல்ல மாட்டாள்.

செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. படத்து மேசையில் டெல்மர் ஆர்டித்தைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளு வாழ்க்கையில ஒரு நாளாவது குனிஞ்சு ஒரு வேலை செஞ்சிருப்பாங்களா, ஆர்டித்? கையப் பாத்தாலே தெரியுதே."

ஆர்டித் வாயைத் திறப்பதற்குள் வெண்டல், துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அப்பா பால் கேன் தூக்கிப் பிழைச்சவராம். விடியறதுக்கு முன்னாடி பிள்ளையையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போவாராம். பள்ளிக்கூடத்துல தூங்கித் தூங்கி விழுமாம் அந்தப் பிள்ளை. டீச்சர் திட்டாம கோட்டைப் போத்தி விடுவாங்களாம்."

"உனக்கு யாருய்யா சொன்னது?" என்றார் டெல்மர்.

"எங்கேயோ காதுல விழுந்துச்சு" என்றார் வெண்டல்.

ஆர்டித் அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஆர்டித்துக்கே தெரியாத கதை அது. ஆனால் அப்போது ஒரு பாலத்தின் மூலைத் துண்டு கையில் அகப்பட்டுவிட்டது, பேச்சு அதோடு போய்விட்டது.

அக்டோபர் கடைசியில், தேர்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஆர்டித் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வந்தார். கணினி, புத்தகம் உள்ளேதான் இருக்கிறது என்றது. அலமாரியில் இல்லை. "நாளைக்குக் காலையில உங்களுக்காக எடுத்து வச்சிடறேன்" என்றாள் கிரெட்சன். அவளுக்கு அது இருக்கும் இடம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில், எல்லோரும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது, மூலைக்குப் போய் அதை உருவிக்கொண்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் எடுக்காததை டெல்மர் எடுத்துவிட்டார். மருமகனுக்குத் தூண்டில் முடிச்சுப் புத்தகம் தேடிப் போனவர், மூலையிலிருந்தே கூப்பிட்டார்.

"இங்க பாருங்க, யாரு மீன் பிடிக்கப் போயிருக்காங்கன்னு."

கையில் புத்தகம். அட்டையில் வேட்பாளர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. அந்த மூலைக்குப் போகிறவர் ஊரில் ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீதானா?" என்று கேட்டார் ஆர்டித்.

வெண்டல் கையில் இருந்த படத்துண்டையே பார்த்தார். காது சிவந்தது.

"வாசல்ல நான் நட்டு வச்ச என் ஆளோட பேர்ப் பலகையைப் பாத்து நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே, சரின்னு விட்டேன். ராய் நினைவு நாளன்னிக்கு வந்து டிவியில என் ஆளு பேசுறப்ப சத்தத்தைக் குறைச்சே, அதையும் விட்டேன். இது என்ன வெண்டல், சின்னப் பசங்க புத்தி? நாலு பேர் படிக்கிற புத்தகத்தை ஒளிச்சு வைக்கிறது?"

"ஆர்டித்" என்றாள் கிரெட்சன் மெதுவாக.

"இரு கிரெட்சன். நான் கேக்கணும். புத்தகத்தை ஒளிச்சு வைக்கிறவன் கையில ஓட்டுப் பையைக் குடுத்துட்டு நான் எப்படி வண்டி ஓட்டுறது?"

மேசையில் சிரிப்பு நின்றுபோனது. டெல்மர்கூடத் தரையைப் பார்த்தார். வெண்டல் கையில் வைத்திருந்த துண்டைப் படத்தின் ஓரத்தில் மெல்ல வைத்தார். தொப்பியை எடுத்தார்.

"அப்ப தேர்தல் அன்னிக்கு வேற ஆளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கோபத்தில் சொன்னது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்று மத்தியானமே அவர் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்து, தேர்தல் மேசைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் கட்சிக்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். பாதிப்பேர் அறுவடையில் இருந்தார்கள். மிச்சப்பேர், இந்தக் காலத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து யாரிடம் திட்டு வாங்குவது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை கவுண்டி அலுவலகத்திலிருந்து கிரெட்சனுக்குப் போன் வந்தது. பேசிய பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கட்சிக்கு ஒரு ஆள் கிடைக்காவிட்டால், ஹாஸ்லர் க்ரீக் சாவடியை இந்தத் தடவை கிராண்டலோடு சேர்த்துவிட வேண்டியதுதான்.

இந்தத் தடவை என்று சொல்லிச் சேர்த்த எதுவும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. தபால் நிலையம் அப்படித்தான் போனது, உயர்நிலைப் பள்ளி அப்படித்தான் போனது.

கிரெட்சனுக்கு அந்த நாள்மேல் ஒரு பிரியம் இருந்தது. வருஷம் முழுக்க நூலகத்துக்குள் கால் வைக்காதவர்கள்கூட அன்று வருவார்கள். நூலகத்தின் பின்னால் இருக்கும் முதியோர் குடியிருப்பிலிருந்து நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வந்து வரிசையில் நிற்பார்கள். கிராண்டலுக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்? எதிரெதிர் வீட்டு வாசலில் ஆளுக்கொரு கட்சிப் பலகை நட்டு வைத்திருக்கும் தெருக்காரர்கள், அன்று ஒரே கதவு வழியாக நுழைந்து ஒரே கம்பளத்தில் கால் துடைப்பார்கள். அந்தக் கதவு மூடிவிடும். ஆர்டித்திடம் ஒரு வார்த்தை சொன்னால் மூடாது. வெண்டல் அதை ஒளித்து வைக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லக்கூடாது.

செவ்வாய்க்கிழமை காலையில், திறப்பதற்கு முன்னால், வாசல் பெட்டியில் புத்தகம் விழும் சத்தம் கேட்டது. கிரெட்சன் கதவைத் திறந்தாள். வெண்டல் தன் மீன்பிடிப் புத்தகங்களைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க. காபி போட்டிருக்கேன்."

"வேண்டாம்மா. வண்டியை ஆஃப் பண்ணல."

"வெண்டல், நீங்க சரின்னு சொன்னா ஆர்டித்கிட்ட நான் பேசறேன். நீங்க எதைச் சொல்லச் சொல்றீங்களோ அதை மட்டும்."

வெண்டல் அவளைப் பார்த்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நெடுநேரம் கையுறையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"டெல்மர் காதுக்குப் போச்சுன்னா நான் சாகிற வரைக்கும் இதே பேச்சுதான். அந்தப் பக்கம் தாவிட்டான்னு சொல்லுவாங்க. நான் எங்கேயும் தாவல. என் அண்ணன் பொண்டாட்டி, யாரையும் லேசுல நம்ப மாட்டா. அவ ஒரு ஆளை இவ்வளவு நம்புறாளே, அதுல என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு எடுத்தேன். அவகிட்டயே கேட்டா சண்டை வரும். புத்தகத்துகிட்ட கேட்டா வராதுன்னு நினைச்சேன்."

"இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

"முப்பது வருஷம் ஒரே கார்ல போனவகிட்ட, நான் திருடன் இல்லன்னு இப்ப சாட்சி கொண்டு வரணுமா?" என்றார் வெண்டல். "நீயும் சொல்லாதே."

"நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனார். கிரெட்சன் உள்ளே வந்து இரண்டு பேர் குடிக்கும் காபியைத் தானே குடித்தாள்.

புத்தகம் இப்போது ஆர்டித்திடம் இருந்தது. சண்டை நடந்த அன்றைக்கே பதிந்து எடுத்துப்போய்விட்டார். படத்து மேசைக்கும் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் தண்ணீர் எது, வானம் எது என்று சண்டை போட ஆள் இல்லாமல் ஒரு காலைப்பொழுதில் நாலு துண்டுகூடச் சேரவில்லை. டெல்மர் உதவி செய்ய வந்தபோது, "நீ சும்மா இரு, உன்னாலதான்" என்று கடிந்துகொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆர்டித் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நூலகத்தில் வேறு யாரும் இல்லை.

"கிரெட்சன், இதுல பால் கேன் கதை இருக்கு. அப்பா வண்டியில ஏத்திக்கிட்டுப் போனது, டீச்சர் கோட்டைப் போத்தி விட்டது, எல்லாம்."

"அப்படியா?"

"நான் டிவி பாக்கறேன், பேப்பர் படிக்கிறேன், எனக்கு வர்ற விளம்பரம் ஒண்ணு விடாம பாக்கறேன். வேற எங்கேயும் இது வரல. வெண்டலுக்கு எப்படித் தெரியும்?"

கிரெட்சன் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"அவன் இதைப் படிச்சானா?"

"நான் அதைச் சொல்ல முடியாது, ஆர்டித்."

"படிக்கலன்னா படிக்கலன்னு சொல்லிடலாமே."

"அதையும் சொல்ல முடியாது."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ வாயைத் திறந்தா இந்த ஊர்ல ஓட்டு நடக்கும், திறக்கலன்னா நடக்காது. இதுல என்ன பெரிய ரகசியம்? அவன் எனக்குக் கொழுந்தன். ஊர் பேர் தெரியாதவன் இல்ல."

மேசைமேல் இருந்த நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைக் கிரெட்சன் ஒரு தடவை பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "உங்க கொழுந்தன் வந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் நான் இதேதான் சொல்லுவேன்."

ஆர்டித்துக்குக் கோபம் வந்தது. திரும்பிக் கதவு வரை போனார். கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு வந்து, கிரெட்சனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ராய் இருந்தப்போ, அந்த ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி எடுத்துட்டுப் போவேன். பைக்குள்ள துணிக்கு அடியில வச்சு. நீ அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தே. ஞாபகம் இருக்கா?"

"இல்ல" என்றாள் கிரெட்சன்.

"ஞாபகம் இல்லாம இருக்காது."

"திரும்பி வந்த புத்தகத்தை நான் ஞாபகம் வச்சுக்கிறது இல்ல."

ஆர்டித் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் ஒருவர் வீட்டில் பாத்திரம் உடைந்தால் மறுநாள் ஏழு பேர் விசாரிப்பார்கள். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஆர்டித்திடம் வாய் தவறிக்கூடக் கேட்டதில்லை. வெண்டல்கூட. (ஆர்டித் பிற்பாடு இதை என்னிடம் சொன்னபோதும் அது என்ன புத்தகம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

"சரி" என்று எழுந்தார். "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல."

வெள்ளிக்கிழமை பத்து மணி. மேசையைச் சுற்றி, சண்டை நடந்த அன்று இருந்த அதே ஆட்கள், வெண்டல் மட்டும் இல்லை. டெல்மர் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். ஆர்டித் வந்து உட்காராமல் நின்றார்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. போன வாரம் வெண்டல் இந்தப் புத்தகத்தை ஒளிச்சு வச்சான்னு உங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவன் வைக்கல."

"அப்ப யாரு வச்சது?" என்றார் டெல்மர்.

"நான்தான்."

கிரெட்சன் தலையைத் தூக்கினாள்.

"ஒரு நாள் எடுத்துப் பாத்துக்கிட்டே அந்த மூலை நாற்காலியில உக்காந்தேன். போறப்ப அங்கேயே சொருகிட்டுப் போயிட்டேன் போலிருக்கு. சுத்தமா மறந்து போச்சு. நேத்துதான் ஞாபகம் வந்துச்சு."

"நீயே வச்சிட்டு நீயே அவனைத் திருடன்னியா?" டெல்மருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உனக்கு வயசாயிடுச்சு ஆர்டித். நல்லவேளை, பஸ்ஸ நிறுத்திட்டே. பிள்ளைங்களை எங்கே இறக்கி விட்டோம்னு மறந்திருப்பே."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆர்டித் யாருடைய கேலிக்கும் எளிதில் இடம் கொடுக்காதவர். அன்று அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டார். கழுத்து வரை சிவந்திருந்தது.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? டெல்மர், நீ போய் அவன்கிட்ட சொல்லு. நான் என்ன சொன்னேனோ, ஒரு வார்த்தை மாத்தாம."

"நீயே போன் பண்ணேன்."

"நீ சொன்னாத்தான் ஊருக்கே சொன்ன மாதிரி. அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கோம்."

டெல்மர் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். இந்த மாதிரிச் செய்தியை ஆறவிடுகிற ஆள் இல்லை அவர். ஆர்டித் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பப் பதிந்தார். பிறகு அதை வாங்கி, எல்லோரும் மறுபடி துண்டுகளில் குனிந்துவிட்ட சமயம், மீன்பிடி மூலைக்கு நடந்தார். தூண்டில் புத்தகங்களுக்குப் பின்னால், அது முன்பு இருந்த இடத்திலேயே சொருகினார். திரும்பி வரும்போது கிரெட்சனைப் பார்க்காமலே சொன்னார்: "அலமாரியில இல்லன்னு யாராவது கேட்டா, உனக்குத் தெரியாது."

கிரெட்சன், "எந்தப் புத்தகம்?" என்றாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கவுண்டி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வெண்டல் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். டெல்மர் அவரிடம் எப்படிச் சொன்னார், அவர் அதைக் கேட்டுவிட்டு என்ன நினைத்தார் என்பதெல்லாம் நூலகத்துக்குத் தெரியாது. ஆர்டித் அந்த மூலைப் பக்கமே போனதில்லை என்பது வெண்டலுக்குத் தெரியும். அது மட்டும் போதுமாக இருந்திருக்க வேண்டும்.

தேர்தல் அன்று விடியுமுன்பே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஆர்டித் ஒரு பெரிய தட்டில் பெர்சிமன் பழ புட்டிங் கொண்டு வந்திருந்தார். முதல் துண்டை வெட்டி வெண்டல் முன்னால் வைத்தார். வெண்டல் சாப்பிட்டார்.

"இனிப்பு கம்மி" என்றார்.

"உனக்குச் சர்க்கரை இருக்கு."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. இலைகள் நனைந்து கிடந்த பாதையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நடைவண்டிகள் வந்தன. அறுவடையிலிருந்து நேரே வந்தவர்கள் சட்டையில் சோளத் தூசியோடு நின்றார்கள். ஒன்பது மணிக்கு டெல்மர் தன் வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியோடு வந்து சேர்ந்தார். சாவடிக்குள் அது கூடாது. ஆர்டித் வெண்டலைப் பார்த்தார். அவரவர் கட்சிக்காரரை அவரவரே சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு.

"டெல்மர், தொப்பியை வெளியே வச்சிட்டு வா."

"என் தலை, என் தொப்பி."

"தலையோட வேணும்னா வெளியிலேயே நில்லு."

டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே போய், தொப்பியைப் புத்தகம் போடும் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வழுக்கைத் தலையோடு வந்து ஓட்டுப் போட்டார்.

ஆறு மணிக்குக் கதவை மூடினார்கள். பைக்கு முத்திரை வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கிரெட்சன் கண்ணாடிக் கதவுக்குள் நின்று பார்த்தாள். பையின் ஒரு காதை ஆர்டித்தும் இன்னொரு காதை வெண்டலும் பிடித்துக்கொண்டு கார் வரை போனார்கள். நடுவில் வைத்தார்கள். ஆர்டித் வண்டியை எடுத்த வேகத்தில் வெண்டலின் கை மேலே இருந்த கைப்பிடிக்குப் போனது. தெருமுனை திரும்பும்வரை இரண்டு வாயும் அசைந்துகொண்டே போவது பின்னால் வந்த வண்டியின் வெளிச்சத்தில் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஊரில் பாதிப்பேர் தலை நிமிர்ந்து நடந்தார்கள், பாதிப்பேர் தரையைப் பார்த்து நடந்தார்கள். நூலகம் வழக்கம்போல் திறந்தது. பத்து மணிக்கு மேசையில் ஆர்டித்தும் டெல்மரும் உட்கார்ந்து பாலத்துக்கு மேலே இருந்த வானத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் மூலை நாற்காலியில் இருந்தார். மடியில் பத்திரிகை இல்லை. புத்தகத்தை அட்டை தெரியவே பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

டெல்மர் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா புத்தகம் அது?"

வெண்டலுக்கு முன்னால் ஆர்டித் சொன்னார்: "மீன் புத்தகம்."

டெல்மர் அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தார். ஆர்டித்தைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டைக் கையில் எடுத்து, அது எங்கே போகும் என்று உற்றுப் பார்த்தார்.

"பெரிய மீனாத்தான் இருக்கு" என்றார்.

ஆர்டித் வானத்தில் இன்னொரு துண்டைப் பொருத்திக்கொண்டே கேட்டார்:

"முடிச்சிட்டியா, வெண்டல்?"

"இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு."

"முடிவை நான் சொல்லிடவா?"

"முடிவு நேத்தே ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு" என்று வெண்டல் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "நீ உன் வேலையைப் பாரு. தண்ணியைக் கொண்டு போய் வானத்துல வச்சிருக்கே."